ஸ்போரோசோவா என்ற பழைய மூட்டை: மாடு, கோழி, பட்டுப்புழு மூன்றுக்கும் வருவது ஒரே கூட்டமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தம்பி, பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. வீட்டிலுள்ள எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பினப் பசுவுக்குக் காய்ச்சல் வந்து, கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, "தைலீரியா, இது ஒரு புரோட்டோசோவா" என்றிருக்கிறார். போன மழைக்காலத்தில் கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வந்தபோதும் அதே சொல். அம்மா பட்டுப்புழு வளர்க்கிறார். அவரிடம் உள்ள கையேட்டில் பெப்ரினும் "புரோட்டோசோவா நோய்". கல்லூரிக் குறிப்பில் மூன்றும் ஸ்போரோசோவா என்று ஒரே வரியில் இருக்கிறது. நண்பன் கையிலுள்ள புத்தகத்திலோ ஸ்போரோசோவா என்ற பெயரே இல்லை, ஏபிகாம்ப்ளெக்ஸா என்று இருக்கிறது. எது சரி, இவை ஒரே கூட்டமா, இதன் பண்புகளும் வகைப்பாடும் என்ன என்று கேட்கிறார்.

தம்பி, விடை இதுதான். மாட்டுத் தைலீரியாவும் கோழிக்கு ரத்தக்கழிச்சல் தரும் எய்மீரியாவும் பங்காளிகள், இரண்டும் ஏபிகாம்ப்ளெக்ஸா. பெப்ரினை உண்டாக்கும் நோசீமா அந்த வம்சமே கிடையாது, அது பூஞ்சைக்கு நெருங்கிய உறவு. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. உங்கள் குறிப்பு இன்னும் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

மூட்டை எப்படி வந்தது என்று பார்ப்போம். புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிரிகளை அந்தக் காலத்தில் பிரித்தது அவை நகரும் விதத்தை வைத்து. பொய்க்கால் இருந்தால் ஒரு கூட்டம், கசையிழை இருந்தால் ஒன்று, குற்றிழை இருந்தால் ஒன்று. நகர எந்த உறுப்பும் கண்ணில் படாமல், பிற உயிரின் உடம்புக்குள் வாழ்ந்து, ஸ்போர் மாதிரி ஏதோ ஒன்றை உண்டாக்குபவை மிச்சம் கிடந்தன. 1879-ல் லியூக்கார்ட் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் அவற்றுக்கு ஸ்போரோசோவா என்று பெயர் வைத்தார். போச்சம்பள்ளிச் சந்தை கலைகிற நேரத்தில் மிஞ்சிய சில்லறைச் சாமானையெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவார்கள் பாருங்கள், அதே வேலைதான். குறை சொல்லவில்லை; அவர்களிடம் இருந்தது ஒளி நுண்ணோக்கி மட்டும். ஆனால் "இது இல்லை, அது இல்லை" என்று இல்லாததை வைத்துச் சேர்த்த கூட்டம் உறவுமுறையைக் காட்டாது. இன்றைக்கும் நீட் படிக்கிற பிள்ளைகள் கையிலுள்ள என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் புரோட்டோசோவாவை நான்காகப் பிரித்து, நான்காவதாக ஸ்போரோசோவாவைத்தான் வைத்திருக்கிறது.

சாக்கு அவிழ்ந்தது எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு. மலேரியாக் கிருமி, எய்மீரியா, டாக்ஸோபிளாஸ்மா என்று ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தால், செல்லின் ஒரு முனையில் ஒரே மாதிரியான கருவித்தொகுப்பு தெரிந்தது. இந்த நுனித்தொகுப்பை வைத்து 1970-ல் லெவின் ஏபிகாம்ப்ளெக்ஸா என்ற பெயரைக் கொண்டுவந்தார். "நுனியில் தொகுப்பு உள்ளவை" என்பதுதான் அதன் பொருள். 1980-ல் அவரும் மற்ற புரோட்டோசோவா வல்லுநர்களும் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் புரோட்டோசோவாவுக்கு ஏழு தொகுதிகள்; அதில் ஏபிகாம்ப்ளெக்ஸா தனி, பெப்ரின் கிருமி சேர்ந்த மைக்ரோஸ்போரா தனி, மீன் ஒட்டுண்ணிகளான மிக்ஸோசோவா தனி. ஆக, நண்பனின் புத்தகம் ஒன்றும் நேற்று வந்த புதுமை பேசவில்லை. உங்கள் குறிப்புதான் அதற்கும் முந்தியது.

அந்த நுனியில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்தின் பிழைப்பே அங்கேதான். முனையில் வளையங்கள். அவற்றுக்குள், பலவற்றில், கயிற்றைச் சுருளாகச் சுற்றிக் கூம்பாக நிறுத்தியது போன்ற ஒரு அமைப்பு, பெயர் கோனாய்டு. வளையத்திலிருந்து நுண்குழல்கள் குடைக்கம்பி மாதிரி பின்னோக்கி இறங்கிச் செல்லுக்கு வடிவம் தருகின்றன. உள்ளே கதாயுதம் போலப் பருத்து, கழுத்து நீண்ட பைகள், இவை ரோப்ட்ரிகள். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன மைக்ரோனீம்கள். புகவேண்டிய செல் மேல் பட்டவுடன் முதலில் மைக்ரோனீம்கள் ஒட்டும் புரதங்களை வெளியே தள்ளுகின்றன; கிருமி பிடித்துக்கொள்கிறது. அடுத்து ரோப்ட்ரிகள் தங்கள் சரக்கை அந்தச் செல்லுக்குள்ளேயே செலுத்துகின்றன. இறுக்கமான ஒரு வளையம் உருவாகி, கிருமி அதன் வழியாக நுழைந்து, அந்தச் செல்லின் சவ்வையே தன்னைச் சுற்றிப் பையாக இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. உங்கள் மாட்டின் தைலீரியா இதிலும் தனிப்போக்கு: நுனியைத் திருப்பாமலே எந்தப் பக்கத்தாலும் புகும், புகுந்ததும் அந்தப் பையையும் கரைத்துவிட்டு வெறும் சைட்டோபிளாசத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

நகர உறுப்பு இல்லை என்றார்களே, ஆனால் இவை நகரும். ஆக்டின், மயோசின் என்ற, நம் தசையில் உள்ள அதே வகைப் புரதங்களைச் சவ்வுக்கடியில் வைத்து வழுக்கிக்கொண்டே போகும். கசையிழை முழுதும் தொலைந்துவிடவில்லை. சிலவற்றின் ஆண் இனச்செல்லில் மட்டும் இருக்கும். சவ்வுக்கடியில் தட்டையான பைகள் வரிசையாக அடுக்கியிருக்கும், இவை ஆல்வியோலை. இதே பைகள் பாரமீசியம் முதலிய குற்றிழை உயிரிகளிலும், கடலைச் சிவக்க வைக்கும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளிலும் உண்டு. அதனால்தான் இந்த மூன்றையும் ஆல்வியோலேட்டா என்ற ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். மரபணுவும் அதையே சொல்கிறது. முதலாம் ஆண்டில் வைக்கோல் ஊறல் தண்ணீரில் நீங்கள் பார்த்த பாரமீசியம் தைலீரியாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு கணிகம் இருக்கிறது. ஆமாம், செடியின் பசுங்கணிகத்துக்கு உறவான உறுப்பு. பச்சையம் இல்லை, ஒளிச்சேர்க்கை இல்லை, நான்கு சவ்வு போர்த்திய சின்ன உருண்டை, பெயர் ஏபிகோபிளாஸ்ட். சுமார் 35 ஆயிரம் கார இணைகள் கொண்ட வட்ட டி.என்.ஏ. அதற்குச் சொந்தமாக உண்டு. அந்த டி.என்.ஏ. கணிகத்துடையது என்பது 1990-களில்தான் உறுதியானது. இவற்றின் முன்னோர் எப்போதோ ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி, செரிக்காமல் குடிவைத்துக்கொண்டதின் மிச்சம் அது. 2008-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்துப் பவளத்தோடு வாழும் குரோமெரா என்ற ஒருசெல் உயிரியை விவரித்தார்கள். அது இன்னும் ஒளிச்சேர்க்கை செய்கிறது, ஏபிகாம்ப்ளெக்ஸாவுக்கு மிக நெருங்கிய உறவு. வெயிலில் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட்ட வம்சம் பிறர் ரத்தத்தில் குடியேறிவிட்டது. பாக்டீரியாவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் மலேரியாவுக்கும் வேலை செய்வது எப்படி என்று வகுப்பில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அது அடிப்பது அந்தக் கணிகத்தின் ரைபோசோமை.

வாழ்க்கைச் சுழற்சியைப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் பயமுறுத்தியிருப்பார்கள். மூன்றே கட்டம். ஸ்போரோசோயிட் என்ற தொற்றும் பருவம் செல்லுக்குள் புகுந்து, ஒன்று பலவாக உடைந்து பெருகும், இது மீரோகனி. பிறகு சில ஆண், பெண் இனச்செல்களாக மாறிச் சேரும், இது கேமோகனி. சேர்ந்த சைகோட் மறுபடி பிரிந்து ஸ்போரோசோயிட்டுகளைத் தரும், இது ஸ்போரோகனி. சைகோட் மட்டும்தான் இரட்டைப்படை; மற்றதெல்லாம் ஒற்றைப்படைக் குரோமோசோம். பெயரிட்டிருக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் இனங்களுக்கும் இதுதான் அடிப்படைத் தாளம். எந்தக் கட்டம் எந்த உடம்பில், எந்தச் செல்லில் நடக்கிறது என்பதில்தான் வகைப்பாடு பிரிகிறது.

முதலில் கிரிகரைன்கள். முதுகெலும்பில்லாத பிராணிகளின் குடலிலும் உடற்குழியிலும் இருப்பவை. நமக்குத் தெரிந்தது மண்புழுவின் மோனோசிஸ்டிஸ், கரப்பான்பூச்சிக் குடலின் கிரிகரைனா. மனிதனுக்கும் மாட்டுக்கும் கெடுதல் இல்லை, அதனால் யாரும் மதிப்பதும் இல்லை. மனிதனுக்கும் கன்றுக்குட்டிக்கும் வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியத்தை முன்பு அடுத்து வரும் காக்சிடியாவில் வைத்திருந்தார்கள். மரபணு பார்த்த பிறகு அது கிரிகரைன் பக்கம் நகர்ந்துவிட்டது. அதற்கு ஏபிகோபிளாஸ்டும் இல்லை.

அடுத்து காக்சிடியா. உங்கள் வீட்டுக் கோழி இங்கே வருகிறது. 1674-ல் லீவன்ஹூக் முயலின் பித்தத்தில் பார்த்த உருண்டைகள் இந்த வகையின் ஊசிஸ்டுகளாகத்தான் (கெட்டி உறை போட்டு வெளியே வரும் பருவம்) இருக்க வேண்டும் என்கிறார்கள்; அப்படியானால் மனிதக் கண்ணில் முதலில் பட்ட ஏபிகாம்ப்ளெக்ஸா அதுதான். இங்கே வகைப்பாடு வெறும் எண்ணிக்கை. முதிர்ந்த ஊசிஸ்டுக்குள் நான்கு சிறு உறை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்போரோசோயிட் என்றால் எய்மீரியா. இரண்டு உறை, ஒவ்வொன்றிலும் நான்கு என்றால் ஐசோஸ்போரா மாதிரி. இரண்டிலும் கூட்டினால் எட்டுதான், பொட்டலம் கட்டிய விதம் வேறு. பூனை வழியாகப் பரவும் டாக்ஸோபிளாஸ்மாவை 1908-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த வகை என்று அறுபது வருடம் தெரியவில்லை. 1970 வாக்கில் பூனை மலத்தில் அதன் ஊசிஸ்டைக் கண்டு, உள்ளே இரண்டு நான்கு என்று எண்ணிய பிறகுதான் காக்சிடியா என்று உறுதியானது.

கோழியைத் தாக்கும் எய்மீரியா என்று ஏழு இனங்களைச் சொல்வது வழக்கம். ரத்தமாகப் போக வைப்பதில் பேர்போனது எய்மீரியா டெனெல்லா, குடலின் இரண்டு குருட்டுப்பைகளில் இருப்பது. மழைக்காலத்தில் ஏன் வந்தது என்பதற்கும் விடை ஊசிஸ்டில் இருக்கிறது. எச்சத்தோடு வெளியே விழும்போது அது பச்சைக்காய், தொற்றாது. ஈரம், கதகதப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றத் தயாராகும். நனைந்த உமித்தரை அதற்குப் பதமான இடம். கிருமிநாசினி தெளித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, உறை அவ்வளவு கெட்டி. தரையைக் கிளறி உலர வைப்பதுதான் மருந்து. ஒரு ஆறுதல், எய்மீரியா ஆள்பார்த்துத் தாக்கும் ஜாதி: கோழியுடையது ஆட்டுக்கு வராது, ஆட்டுடையது உங்களுக்கு வராது. (வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்வது வைரஸ் நோய். கழிச்சல் என்ற சொல் ஒன்றாக இருப்பதால் ஒரே மருந்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.)

மூன்றாவது, ரத்தத்தில் வாழ்பவை. இவற்றில் கோனாய்டு இல்லை என்று சொல்லித் தனிவகுப்பாக வைத்தார்கள். பிற்பாடு மலேரியாக் கிருமியின் ஒரு பருவத்தில் அதன் எச்சத்தைக் கண்டார்கள், அது தனிக்கதை. உள்ளே இரண்டு வரிசை. கொசு கடத்தும் மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம் ஒன்று. 1880 நவம்பரில் அல்ஜீரியாவில் லாவெரன் அதை நோயாளி ரத்தத்தில் பார்த்ததும், 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் பார்த்ததும் உங்களுக்கே தெரியும். மற்றொன்று உண்ணி கடத்தும் பைரோபிளாசங்கள்: பபீசியாவும் தைலீரியாவும். சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். பிளாஸ்மோடியம் ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டுக் கறுப்புத் துகளை மிச்சம் வைக்கும், பைரோபிளாசம் வைக்காது. ஸ்லைடில் இரண்டையும் பிரிக்க இது ஒரு நல்ல அடையாளம்.

பபீசியாவும் தைலீரியாவும் உங்கள் தேர்வில் ஒரே வரியாக வந்துவிட்டுப் போகும். மாட்டுக்கொட்டகையில் அப்படி இல்லை. பபீசியா சிவப்பணுவிலேயே பெருகி அதை உடைக்கும். மூத்திரம் காப்பித் தண்ணீர் மாதிரி வரும். அதைக் கடத்தும் உண்ணி பிறந்ததிலிருந்து முட்டையிட விழும்வரை ஒரே மாட்டின் மேல் இருப்பது. அப்படியானால் அடுத்த மாட்டுக்குக் கிருமி எப்படிப் போகும்? முட்டை வழியாக. தாய் உண்ணி குடித்த ரத்தத்தின் கிருமி முட்டைக்குள் போய், பொரிக்கிற குஞ்சுகள் அடுத்த மாட்டில் ஏறி ஏற்றிவிடும். உண்ணி, கொசு போன்ற கணுக்காலி ஒன்று நோய் கடத்தும் என்பதை அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-ல் முதலில் நிரூபித்தது இதை வைத்துத்தான். ராஸுக்கு நான்கு வருடம் முன்பு.

தைலீரியா முட்டைக்குள் போகாது. ஹயலோமா என்ற வகை உண்ணி ஒரு பருவத்தில் குடித்து, மாட்டைவிட்டு இறங்கித் தோலுரித்து, அடுத்த பருவத்தில் வேறு மாட்டில் ஏறும்போது கடத்தும். அது இறங்கி ஒளிவது கொட்டகைச் சுவர் விரிசலில். அதனால் மாட்டின் மேல் மருந்து தடவிவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். மாட்டுக்குள் போன ஸ்போரோசோயிட் முதலில் புகுவது வெள்ளணுவில். அங்கே அது செய்கிற காரியம் வேறு எந்த ஒருசெல் உயிரியும் செய்யத் துணியாதது: அந்த வெள்ளணுவைப் புற்றுநோய்ச் செல் மாதிரி ஓயாமல் பிரிய வைக்கிறது. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் பிரிகதிரைப் பிடித்துக்கொண்டு தானும் இரண்டாகி, ஆளுக்கொரு பாதியில் போய்விடுகிறது. பியூபார்வாகுவோன் என்ற மருந்தைக் கொடுத்துக் கிருமியைக் கொன்றால் செல்லின் வெறியும் அடங்கிவிடும். புற்றுநோய் ஆராய்கிறவர்கள் ஒரு மாட்டுக்கிருமியைப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

வெள்ளணு பெருகினால் நிணநீர்க்கணு வீங்கும். எங்கள் வீட்டு ஜெர்சி ஒன்றுக்குப் பல வருடம் முன்பு சித்திரையில் காய்ச்சல் வந்தது. வெயில் காய்ச்சல் என்று மூன்று நாள் விட்டுவிட்டேன். தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவு நெறி கட்டியிருந்ததைப் பால் கறக்க வந்த அக்கா காட்டிய பிறகுதான் பார்த்தேன். முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான்! மாடு பிழைக்கவில்லை. நாட்டு மாடுகள் இந்த நோயைப் பெரும்பாலும் தாங்கிவிடும், ஜெர்சி, எச்.எஃப். ரத்தம் கூடக்கூடத் தாங்காது.

இனி பட்டுப்புழு. தர்மபுரி, ஓசூர் பக்கம் கூடு விற்கப் போகிற எந்த விவசாயியிடமும் பெப்ரின் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். உடம்பில் மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளி, ஒரே தட்டில் புழுக்கள் சிறிதும் பெரிதுமாக ஒழுங்கற்று வளர்வது, கூடு கட்டாமல் சாவது. மிளகுக்கான பிரெஞ்சு வட்டாரச் சொல்லிலிருந்து வந்ததுதான் பெப்ரின். கிருமிக்கு நோசீமா பாம்பிசிஸ் என்று 1857-ல் பெயர் வைத்தவர் நேகலி என்ற தாவரவியலாளர். அவர் அதை ஈஸ்ட் மாதிரியான பூஞ்சை வகை என்று நினைத்தார். 1882-ல் பால்பியானி அதை மைக்ரோஸ்போரிடியா என்று பிரித்து ஸ்போரோசோவா மூட்டையில் போட்டார். அங்கேயே ஒரு நூற்றாண்டு கிடந்தது.

ஏன் போட்டார் என்பது புரிகிறது: செல்லுக்குள் வாழ்கிறது, ஸ்போர் இருக்கிறது. ஆனால் இந்த ஸ்போர் வேறு சாமான். நீள்வட்டமாக மூன்று நான்கு மைக்ரான், உறையில் கைட்டின், உள்ளே சுருட்டிவைத்த ஒரு குழல். புழு இலையோடு விழுங்கியதும் அந்தக் குழல் கையுறை விரலை உள்வெளியாகத் திருப்புவது போல் வெளியே பாய்ந்து குடல் செல்லைக் குத்தும்; ஸ்போரின் உயிர்ச்சரக்கு குழல் வழியே அங்கே இறங்கும். நுனித்தொகுப்பு கிடையாது, ஆல்வியோலை கிடையாது, ஏபிகோபிளாஸ்ட் கிடையாது. வழக்கமான மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அதை வைத்து 1980-களில் இவை மைட்டோகாண்ட்ரியா தோன்றும் முன்பே பிரிந்துபோன ஆதி உயிரிகள் என்று ஒரு பெரிய கொள்கை ஓடியது. 1990-களில் டியூபுலின் முதலிய மரபணுக்களை ஒப்பிட்டபோது பூஞ்சையோடு போய் நின்றது. சுருங்கிப்போன மைட்டோகாண்ட்ரியாவின் மிச்சமும் பிறகு கிடைத்தது. நேகலி சொன்ன காரணங்கள் தப்பு, ஆனால் வைத்த இடம் கிட்டத்தட்ட சரி!

அந்த நோயை அடக்கிய முறை பெயர்மாற்றங்களால் அசையவே இல்லை. பாஸ்டர் 1865 முதல் தெற்கு பிரான்சில் இதோடு மல்லுக்கட்டினார். அவரே முதலில் அந்த உருண்டைகளை ஒட்டுண்ணி என்று ஒப்புக்கொள்ளவில்லை. தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டைக்குள் போகிறது என்பதைப் பிடித்த பிறகு வழி சொன்னார்: ஒவ்வொரு தாயையும் தனியாக முட்டையிட விடு, பிறகு தாயை நசுக்கி நுண்ணோக்கியில் பார், ஸ்போர் இருந்தால் அந்த முட்டைகளை எரி. உங்கள் அம்மா வாங்கும் நோயற்ற முட்டைத் தொகுதி இன்றும் அந்த வழியில் வருவதுதான். இளம்புழு மையத்தில் வாங்கினாலும் முட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள்.

மூட்டையில் இன்னொரு ஆச்சரியமும் கிடந்தது, மிக்ஸோசோவா. மீன் ஒட்டுண்ணி. கிருஷ்ணகிரி அணை மீனோ எந்த மீனோ, செவுளில் வெள்ளைக் கட்டி தெரிந்தால் இதுவாக இருக்கலாம். அது ஒருசெல் உயிரியே கிடையாது, ஜெல்லிமீன் வம்சத்து விலங்கு, தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. இதற்கு மேல் அதில் போனால் பதில் முடியாது.

தேர்வுக்கு என்ன எழுதுவது? பாடத்திட்டத்தில் ஸ்போரோசோவா என்று இருந்தால் தலைப்பு அதையே போடுங்கள், திருத்துகிறவரோடு சண்டை வேண்டாம். அடுத்த வரியில் "இப்போது ஆல்வியோலேட்டாவில் ஏபிகாம்ப்ளெக்ஸா, மைக்ரோஸ்போரிடியா பூஞ்சை பக்கம், மிக்ஸோசோவா விலங்கு" என்று எழுதிவிடுங்கள். படம் கேட்டால் நுனித்தொகுப்பை வரையுங்கள், மதிப்பெண் அங்கேதான்.

அப்புறம், மழை பெய்ததும் வயல் வரப்பில் ஒரு மண்புழு எடுங்கள். விந்துப்பையைக் கிள்ளி, ஒரு துளி உப்புக் கரைசலில் பரப்பி, மூடிபோட்டு, குறைந்த ஒளியில் பாருங்கள். விந்தணு வால்கள் மேலே ஒட்டி மயிர் முளைத்தது போல் ஒரு செல் மெல்ல நெளியும். பக்கத்திலேயே படகு வடிவச் சிறு உறைகள் கூட்டமாக ஒரு பைக்குள் இருக்கும். அது மோனோசிஸ்டிஸ். ஊசியோ, உண்ணியோ, செத்த மாடோ தேவைப்படாமல் உயிரோடு பார்க்கக் கிடைக்கிற ஏபிகாம்ப்ளெக்ஸா அதுதான். சாயம் போட்ட கல்லூரி ஸ்லைடில் அந்த நெளிவு தெரியாது.